டெமோவில் மட்டும் இருந்தவள்

போன வாரக் கதையை, சாக்கோச்சன் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டு, பெரிய காரியம் முடிந்த திருப்தியில் மனைவியிடம் கட்டன் சாயா கேட்டதோடு நிறுத்தியிருந்தோம். அது எந்த லிங்க் என்று அவருக்குத் தெரியாது.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பாலா என்ற ஊரில் தாழத்துப்பறம்பில் என்றால் பெரிய குடும்பம். வருஷத்துக்கு ஒருமுறை கூடி, பிரியாணி தின்று, செத்தவர்களுக்கு ஜெபித்து, இருப்பவர்களைப் பற்றி வம்பு பேசிக் கலைவதற்கு ஒரு குடும்பயோகம் உண்டு. அதற்கு இணையதளம் செய்யும் வேலை எட்டு மாதமாக நம் ட்ரீசாவிடம். செயலாளர் சாக்கோச்சன் அவளுக்கு அப்பனின் தம்பி, அவள் கூப்பிடுவது உப்பாப்பன் என்று. ஆகவே, அவள் இதுவரை பார்த்த வாடிக்கையாளர்களிலேயே மோசமானவர்.

இன்று சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு பாரிஷ் ஹாலில் பிஷப் பிதாவு பொத்தானை அழுத்தித் தளத்தைத் திறந்துவைக்கிறார். அதற்குமுன் சொந்தக்காரர்கள் ஒரு பார்வை பார்க்கட்டும் என்றுதான் சாக்கோச்சன் காலை எட்டரைக்கு லிங்க் அனுப்பினார். குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தோஹாவிலிருந்து டல்லாஸ் வரை.

அவர் அனுப்பியது புதுத் தளம் இல்லை. நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எட்டு மாதத்துக்கு முன்னால் ட்ரீசா அனுப்பிய டெமோ.

மாடியில் கம்ப்யூட்டரோடு இருந்த ட்ரீசாவுக்கு இது தெரியாது. கீழே வந்து புட்டுக்குழலை இறக்கினாள். அப்பா ஔசேப்பச்சன் குளித்து, கஞ்சிபோட்ட வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டையோடு மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். ட்ரீசா அவரைக் கூப்பிடுவது சாச்சன் என்று. எழுபத்துநாலு வயது. நாற்பது வருஷம் வில்லேஜ் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் எழுதியவர். அவர் கையால் வந்த எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை என்பது அவருக்குள்ள பெருமை.

"சாச்சன் அந்தப் பச்சைக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கலாமே. கிறிஸ்மஸுக்கு வாங்கினது. ஒரு நாள்கூட போட்டு நான் பாக்கல."

"அது விசேஷத்துக்கு."

"பிதாவு வர்றாரு. இது விசேஷம் இல்லையா?"

அவர் கடலைக் குழம்பில் கவனமாக இருந்தார். மேஜைமேல் இரண்டு போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. பிறகு நிற்கவேயில்லை.

ட்ரீசா எடுத்துப் பார்த்தாள்.

தோஹாவிலிருந்து ஒருவர்: "இந்த லின்ஸி யாரு?"

சிகாகோவிலிருந்து ஓர் அம்மாமி: "நம்ம ஔசேப்பச்சனோட மூத்தவ. கடைசியில சேத்துக்கிட்டாங்களா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அதற்குக் கீழே, கோட்டயத்திலிருந்து ஒருவர்: "யாரைக் கேட்டு சேத்தாங்க?"

ட்ரீசா மேலே தள்ளினாள். லிங்க்கைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெறும் கட்டங்களைக் காட்டினால் எந்த வாடிக்கையாளரும் சம்மதிக்கமாட்டார். "இங்க ஒண்ணுமே இல்லையே" என்பார். அதனால் மாதிரிக்கு எதையாவது போட்டு நிரப்பவேண்டும். டப்ளினில் கேக் செய்து விற்கும் நர்ஸுக்கு ட்ரீசா ஒன்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு பிளம் கேக் போட்டுக் காட்டினாள். அந்த நர்ஸ் இரண்டு நாள் சிரித்தாள். பிறகு தளம் முடிந்தது, பேச்சும் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான். வேலை நடக்கும் மூன்று மாதம் பிள்ளையின் பரீட்சை மார்க் வரை சொல்வார்கள், அப்புறம் கிறிஸ்மஸுக்கு ஒரு படம் அனுப்பினால் அதிகம்.

குடும்பயோகத் தளத்தில் முக்கியமே வம்சமரம்தான். சாக்கோச்சன் பெயர்ப்பட்டியல் தருகிறேன், தருகிறேன் என்று இழுத்தடித்தார். மரத்தில் மாதிரிக்கு நாலு பெயர் வேண்டும். அன்று மதியம் ட்ரீசா ஒன்றும் யோசிக்காமல் கைக்கு வந்ததைத் தட்டினாள். ஔசேப்பச்சன். மனைவி மறியக்குட்டி, காலமானார். மூத்த மகள் லின்ஸி, கணவர் சுதீந்திரன், ஒரு குழந்தை, பெயர் தெரியாது. இளைய மகள் ட்ரீசா.

அப்பா, அம்மா, அக்கா மூன்று பேருக்கும் படமும் போட்டாள். தனக்குப் போடவில்லை. வீட்டில் எப்போதும் படம் எடுப்பவள் அவள்தான். போடத் தோதாகத் தன் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. புதுத் தளத்திலும் அதேதான்.

லின்ஸி ஒன்பது வருஷத்துக்கு முன் கொல்லத்துக்காரன் சுதீந்திரனோடு போய்விட்டாள். வேறு மதம். அந்த வருஷம் அச்சான குடும்பச் சரித்திரப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. பிறகு வந்த பட்டியலிலும் இல்லை. இன்று திறக்கப்போகும் புதுத் தளத்திலும் இல்லை. டெமோவில் மட்டும் இருந்தாள்.

வேலை முடிந்ததும் டெமோவை அழித்துவிடுவதுதான் முறை. ட்ரீசா அழிக்கவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லியிருப்பாள், அது பொய். மாடியில் தனியாகச் சோறு தின்னும்போது சில நாள் அதைத் திறந்து வைத்துக்கொள்வாள். நாலு பேரும் ஒரு பக்கத்தில் இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான்.

"சாச்சா" என்றாள்.

ஔசேப்பச்சன் போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மெதுவாக மேலே தள்ளினார். பெரிதாக்கினார். எதையோ கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடலையில உப்பு கம்மி" என்றார்.

"சாச்சா, அது நான் மாதிரிக்குப் போட்டது. உப்பாப்பன் தெரியாம..."

"நான் முன்னாடி போறேன். நாற்காலி போடணும்னு சாக்கோ சொன்னான்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தட்டில் பாதிப் புட்டு அப்படியே இருந்தது. இந்த வீட்டில் பேச்சு எப்போதும் இப்படித்தான் முடியும். உப்பு, குடை, வாசல். திட்டிவிட்டாவது போயிருக்கலாம் என்று ட்ரீசாவுக்கு இருந்தது.

அடுத்த நிமிஷம் சாக்கோச்சன் போனில் கூப்பிட்டார். எட்டு மாதத்தில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருநூற்றுப் பதினாலு. சிவப்பு இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டும், முத்திரையில் யானை போதவில்லை, பிதாவின் படம் எல்லாப் பக்கத்திலும் வரவேண்டும். எல்லாவற்றையும் கேட்டுச் செய்தவள் அவள். இன்று அவர் நேரடியாகவே பேசினார்.

"எடீ, என்ன பண்ணி வச்சிருக்க?"

"உப்பாப்பன் அனுப்பினது பழைய லிங்க்."

"பழசோ புதுசோ, அதுல அவ எப்படி வந்தா? போன் வச்ச இடத்துல வைக்க முடியல. டல்லாஸ்லேர்ந்து ஒருத்தன் அழுதுட்டே பேசறான், மனசு நெறஞ்சிருச்சாம். கோட்டயத்துக்காரங்க வரமாட்டேங்கறாங்க. நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"மாதிரிக்குன்னு சொல்லுங்க."

"மாதிரிக்கு நம்ம குடும்ப மானம்தான் கெடச்சுதா? இங்க பாரு மோளே. மூணு மணிக்கு முன்னாடி அதைத் தூக்கிடு. இருந்த தடமே இருக்கக்கூடாது. முடியும்தானே?"

"முடியும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு செகண்ட்."

"அப்ப ஏன் இன்னும் இருக்கு?"

வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பையில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் ஹாலுக்குள் நுழைந்தபோது பேச்சு சட்டென்று குறைந்தது. பின்கட்டில் அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சாக்கோச்சனின் மனைவி ஆலீஸ் ஒரு தட்டில் கட்லெட்டும் வினிகர் ஊற்றிய வெங்காயச் சள்ளாசும் கொண்டுவந்து மேடையோரம் வைத்தாள்.

"சாப்பிடு மோளே. முகம் வாடிக் கெடக்கு."

"வேண்டாம் ஆன்ட்டி."

"உனக்கென்ன, வீட்டுக்குள்ளயே வேலை, வெயில் மழை தெரியாது. எங்க ஜின்ஸி தினமும் காக்கநாட்டு ஐ.டி. பார்க்குக்கு ரெண்டு பஸ் மாறிப் போறா. அங்க ஆபீஸ்ல எத்தனை பேர்னு நெனக்கிற, அவங்க கூட்டம் போட்டு ஓணம் கொண்டாடினதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ யாரோட கொண்டாடினே?"

கேட்டவள் குத்திக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம். ட்ரீசா ஓணத்தன்று நியூசிலாந்துக்கார வாடிக்கையாளர் ஒருவருடைய கம்பளிக் கடைத் தளத்தில் திறக்க மறுத்த ஒரு பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அவருக்கு வேலை செய்கிறாள். முகம் பார்த்ததில்லை. அங்கே இன்று மழையா வெயிலா என்று தெரியும்.

சாக்கோச்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஆலீஸ் நகர்ந்துகொண்டாள்.

"அழிச்சாச்சா?"

"நெட் வரட்டும் உப்பாப்பா."

"நெட்டெல்லாம் வந்தாச்சு. ட்ரீசா, நான் உன்னோட எதிரி இல்ல. இந்த வேலையை உனக்கு வாங்கிக் குடுத்தவன் நான். இன்னும் ஆறு குடும்பயோகக்காரங்க இங்க பாக்க வர்றாங்க, எல்லாருக்கும் இதே மாதிரி வேணும். ரெண்டு வருஷத்துக்கு உனக்கு வேலை. மூணு வெள்ளிக்கிழமை பிதாவோட ஆபீஸுக்கு உனக்காக அலைஞ்சிருக்கேன்."

"தெரியும்."

"அவ பேரை எடுத்தது நான்தான்னு ஊர்ல எல்லாரும் நெனக்கிறாங்க. நான் எடுக்கல. புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். உன் சாச்சன் நீலப் பென்சிலால தன் கையால அடிச்சாரு. சேட்டன் அடிச்ச பேரை நான் எப்படி விட்டுவைக்கறது?"

இது ட்ரீசாவுக்குப் புதிது. திரும்பி ஹாலைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், தான் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே, ஔசேப்பச்சன் தனியாக உட்கார்ந்திருந்தார். போனை எட்டத்தில் பிடித்து ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்து, ஒரு யோசனை, மறுபடி ஓர் எழுத்து. குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகளுக்காக அந்த மனுஷன் நானூறு பேரிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனாள். பழைய பாட்டுப் புத்தகங்களும் உடைந்த மைக்கும் கிடந்த அறை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும்தான் மூச்சு விட முடிந்தது. மாடி அறை மாதிரியே இருந்தது.

டெமோவின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாள். "முழுவதும் அழி" என்ற பொத்தான் கீழே வலதுபக்கம் இருந்தது.

ஒரு செகண்ட் வேலை. ஆனால் அக்காவை இல்லாமல் செய்வது இது இரண்டாம் தடவை. முதல் தடவையும் அவள் கைதான் என்பது வீட்டில் இருவருக்கு மட்டும் தெரியும் என்று ஒன்பது வருஷமாக நம்பியிருந்தாள்.

வீட்டைவிட்டுப் போன அன்று காலை லின்ஸி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் சாச்சன்கிட்ட குடு, அதுவரைக்கும் வாயைத் தொறக்காத" என்றுதான் போனாள். ட்ரீசா சத்தியம் செய்தாள். பத்து நிமிஷத்தில் பயந்துபோய்க் கொடுத்துவிட்டாள். ஔசேப்பச்சன் ஜீப் பிடித்துக் கோட்டயம் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் கிளம்பும் முன், அத்தனை பேர் பார்க்க லின்ஸியை அறைந்தார். அதற்குப் பிறகு அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு ட்ரீசாவுக்கு வந்த வரன்களும் ஒவ்வொன்றாக நின்றன. மூத்தவள் எப்படிப் போனாள் என்று கேட்டுவிட்டு ஜூஸைக் குடிக்காமலே எழுந்துபோனவர்கள் உண்டு.

அழிக்கப் போகும்போதுதான் திரையின் மேல் மூலையில் ஒரு சிவப்பு எண் தெரிந்தது. திருத்தங்கள்: 1.

பெயர், தேதி தவறாக இருந்தால் சொந்தக்காரர்கள் எழுதி அனுப்ப அவள் செய்துவைத்த படிவம். டெமோவுக்கும் புதுத் தளத்துக்கும் ஒரே பெட்டிதான். காலையிலிருந்து நானூறு பேர் பார்த்ததில் ஒருவர் அதை நிரப்பியிருக்கிறார். யாராவது கோட்டயத்துக்காரர் வசைபாடியிருப்பார் என்று திறந்தாள்.

அனுப்புபவர் பெயர்: டி. ஔசேப்பு, தாழத்துப்பறம்பில்.

திருத்த வேண்டிய நபர்: லின்ஸி.

திருத்தம்: குழந்தை ஒன்று அல்ல, இரண்டு. மூத்தவள் கௌரி, வயது ஏழு. இளையவன் ஜோசப், வயது இரண்டரை.

உறவு: தகப்பன்.

ஒரு கட்டமும் காலியாக இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு படமும் இணைத்திருந்தார். ஏதோ ஒரு வீட்டு முற்றம், செம்பருத்திச் செடி. பிளாஸ்டிக் நாற்காலியில் ஔசேப்பச்சன், மடியில் ஒரு பொடியன், தோளைப் பிடித்துக்கொண்டு பல் விழுந்த ஒரு பெண். அவர் போட்டிருந்தது பச்சைக் கட்டம்போட்ட சட்டை.

ட்ரீசா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸுக்கு வாங்கியது. இப்போது பிப்ரவரி.

மாதாமாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கோட்டயத்துக்குக் கண் ஆஸ்பத்திரி என்று போவார். இரவு உணவுக்குத்தான் திரும்புவார். ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்ததில்லை. எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று ட்ரீசா ஒரு தடவைகூடக் கேட்டதும் இல்லை.

எழுந்து ஹாலுக்குள் போனாள். மூன்றாவது வரிசையில், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆட்கள் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள்.

"சாச்சன் எப்பலேர்ந்து போறீங்க?"

அவர் எங்கே என்று கேட்கவில்லை. "பையன் பொறந்ததிலேர்ந்து. ரெண்டாவது பிள்ளைக்கு அம்மா வீட்டுப் பேரு வைக்கணும்தானே. ஔசேப்பும் ஜோசப்பும் ஒண்ணுதானே, உங்க பேரை வைக்கலாமான்னு சுதீந்திரன் லெட்டர் போட்டான். நான் அறைஞ்சதை நின்னு பாத்தவன். அவன் கேட்டான்."

"ரெண்டரை வருஷமா."

"ம்."

"ஒரே வீட்டுல இருக்கோம் சாச்சா. மூணு வேளையும் நான்தான் சோறு போடறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தோணிச்சு. மாடிப்படி வரைக்கும் எத்தனையோ நாள் வந்திருக்கேன். நீ காதுல அதை மாட்டிக்கிட்டு யார்கூடயோ இங்கிலீஷ்ல பேசிட்டிருப்ப. சிரிப்புச் சத்தம் கேக்கும். சரி, வேலையா இருக்கான்னு எறங்கிடுவேன்."

"அது சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. அதெல்லாம் ஒரு காரணமா?"

அவர் குடையின் பிடியைத் தடவினார். "இல்ல. அது காரணம் இல்ல."

"பின்ன?"

"உன்னைக் கூட்டிட்டு வரவேணாம்னு அவ சொன்னா."

ட்ரீசா முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல மோளே. அன்னைக்கு ஸ்டேஷன்ல என்னைப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சொல்லிட்டு வந்தது ஒரே ஒருத்திகிட்டதானே. என்னை மன்னிச்சுட்டா. அடிச்சவனை மன்னிச்சுட்டா. இது மட்டும் அவளால முடியல. நான் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன். மூணாவது தடவை கேட்டா என்னையும் வரவேணாம்னுடுவாளோன்னு விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் ஏன் இதை எழுதினீங்க?"

"பெயர் தெரியாதுன்னு போட்டிருந்தியே. காலையில அதைப் பாத்தேன். எனக்குத் தெரியும், தெரிஞ்சுகிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" போனைச் சட்டைப் பையில் வைத்தார். "லிங்க்கை அவளுக்கும் அனுப்பினேன்."

ட்ரீசா எழுந்து அறைக்குத் திரும்பினாள். கண்ணைத் துடைக்க அங்கே ஒரு பழைய மேஜை விரிப்புதான் இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. அப்பனுக்கு மகள் கிடைத்துவிட்டாள், பேரன் கிடைத்துவிட்டான். அக்காவுக்கு அப்பா கிடைத்துவிட்டார். இந்தப் பெயருக்காகக் காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருப்பவள் வேண்டாதவள். இந்த இரண்டரை வருஷமாக அந்த வீட்டில் தனியாக இருந்தது அவள் மட்டும்தானாம். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

திரையில் திருத்தத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்க. நிராகரிக்க. இரண்டையும் ஒரே அளவில் அவள்தான் செய்தாள்.

கதவு திறந்தது. சாக்கோச்சன்.

"பிதாவோட கார் பாலத்துக்கிட்ட வந்தாச்சு. அழிச்சியா இல்லையா?"

"டெமோவை அழிச்சிடறேன் உப்பாப்பா. ஆனா ஒரு திருத்தம் வந்திருக்கு. அதைப் புதுத் தளத்துல ஏத்தணும்."

"யாருது? என்னைக் கேக்காம என்ன திருத்தம்?"

"விதிமுறைப் பக்கத்துல ஏழாவது. குடும்பத் தலைவர் தன் கிளையைத் தானே திருத்தலாம், செயலாளரோட சம்மதம் வேண்டியதில்லை. உப்பாப்பன் கைப்பட எழுதிக் குடுத்தது. அதைக் கொட்டை எழுத்துல போடச் சொன்னதும் உப்பாப்பன்தான்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். படத்தைப் பார்த்தார். கதவு வழியாக மூன்றாவது வரிசையையும் பார்த்தார். காலையிலிருந்து குனிந்தே இருந்த ஔசேப்பச்சன் இப்போது நிமிர்ந்து தம்பியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டன் நீலப் பென்சிலால அடிச்சாரு" என்றார் சாக்கோச்சன், யாரிடமோ முறையிடுவதுபோல. "நான் அதுக்காகக் கோட்டயத்துல எத்தனை பேரோட சண்டை போட்டேன் தெரியுமா?"

"தெரியாது உப்பாப்பா."

"இந்த ஆறு பேர் உன் நம்பர் கேட்டா நான் குடுக்கறதா இல்லையான்னு யோசிக்கணும்."

"யோசிங்க."

வாசலில் பேண்டு வாத்தியம் கேட்டது. அவர் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

ட்ரீசா "ஏற்க" என்ற பொத்தானை அழுத்தினாள். அவளைக் கேட்டால் இன்றுவரை காரணம் சரியாகச் சொல்லமாட்டாள். உறவு என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்ததாக மட்டும் சொல்வாள். பிறகு பழைய லிங்க்கைத் தட்டினாலும் புதுத் தளம் வரும்படி மாற்றிவிட்டு டெமோவை அழித்தாள். அதற்கு ஒரு செகண்ட்தான் ஆனது.

மூன்று மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிதாவு பொத்தானை அழுத்தினார். திரையில் யானை முத்திரை பெரிதாக வந்தது. கைதட்டினார்கள். அடுத்த நொடி எல்லாத் தலையும் அவரவர் போனுக்குள் குனிந்தன. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைத் தேடினார்கள். யாரோ ஒரு பெண் "ஐயோ, ரெண்டு பிள்ளையா" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. மூன்றாவது வரிசையில் ஆலீஸ் வந்து ஔசேப்பச்சன் பக்கத்தில், ட்ரீசா விட்டுவந்த நாற்காலியில், உட்கார்ந்து படத்தைக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

மேடையோரம் லேப்டாப்பின் பக்கத்தில் ட்ரீசா மட்டும் நின்றாள். வேலை முடிந்தது. எல்லாத் தளமும் திறக்கும் நாளில் அவள் இருக்கும் இடம் இதுதான். கட்லெட் ஆறிக் கிடந்தது.

ஒயரைக் கழற்றக் குனிந்தபோது திரையின் மூலையில் அந்தச் சிவப்பு எண் மறுபடி வந்தது. திருத்தங்கள்: 1.

நின்றபடியே திறந்தாள்.

அனுப்புபவர் பெயர்: லின்ஸி.

திருத்த வேண்டிய நபர்: ட்ரீசா.

திருத்தம்: படம் இல்லை. என்கிட்ட ஒண்ணு இருக்கு. அனுப்ப மாட்டேன். வேணும்னா அவளே வந்து வாங்கிக்கட்டும்.

ஹாலில் யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்த்தார்கள். ட்ரீசா கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். உறவு. அதை நிரப்பாமல் படிவம் போகாது. அப்படி அமைத்தவள் அவள்தான். லின்ஸி அதில் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பியிருந்தாள்.